வெங்காயச் சத்து மார்பகப் புற்றைக் குணமாக்குமா?

"ஹஜ்ரத், வெங்காயத்தில் இருக்கிற ஒரு சத்து மார்பகப் புற்றை அழிக்குதாம். ஆபரேஷனே வேண்டாமாம். உண்மையா?" வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை அனுப்பி ஒரு சகோதரர் கேட்டார். அவருடைய மனைவிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து.

வெங்காயத்தில் குவர்செட்டின், சோயாவில் ஜெனிஸ்டீன். இவை பிளேவனாய்டு என்னும் தாவரச் சத்து வகையைச் சேர்ந்தவை. ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்கள் மீது இவற்றை ஊற்றினால் செல்கள் சாகத்தான் செய்கின்றன. அந்தச் செல்கள் பெரும்பாலும் எம்.சி.எஃப்-7 என்ற வகை. 1970-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றால் இறந்த ஒரு கன்னியாஸ்திரீயின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்றும் உலகெங்கும் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்படுகின்றன.

ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. நாம் சாப்பிடும் குவர்செட்டினைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடும். தட்டில் ஊற்றிய அளவு இரத்தத்தில் சேர்வதே இல்லை. ஜெனிஸ்டீன் விஷயம் இன்னும் சிக்கல். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் அதுவும் உட்காரும். அதிக அளவில் எம்.சி.எஃப்-7 செல்களைக் கொல்லும் அதே பொருள், குறைந்த அளவில் அவற்றை வளர்க்கிறது! எலிகளில் செய்த ஒரு சோதனையில் தமாக்சிஃபென் மாத்திரையின் பலனையே அது கெடுத்தது. சமையலில் சேர்க்கும் சோயாவுக்காகப் பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் கேப்ஸ்யூலை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்குவதைத்தான் சொல்கிறேன்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா (ரஹ்) தம் 'கானூன்' நூலில் மருந்தைச் சோதிக்கும் விதிகளை எழுதிவைத்தார். சிங்கத்திடமோ குதிரையிடமோ பலித்தது மனிதனுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது, மனித உடலில் சோதிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மருந்து நோய்க்குப் பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டப்படி குணம் கிடைக்கிறது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. 'பொருந்தும்போது' என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

மூலிகை வீண் என்று சொல்லவில்லை. மார்பகப் புற்றுக்கு இன்று ஏற்றப்படும் பாக்ளிடாக்சல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்ததே. அது பிளேவனாய்டு அல்ல, ஆனாலும் தாவரம்தான். 1962-ல் பட்டையைச் சேகரித்தார்கள். மார்பகப் புற்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது 1994-ல். நடுவில் செல், எலி, பிறகு நோயாளிகள் என்று 32 வருடச் சோதனை. குவர்செட்டின் அந்தப் பாதையைக் கடக்கவில்லை. கட்டியோ அதுவரை காத்திருக்காது.

பேச்சின் கடைசியில் அந்தச் சகோதரர் தயங்கித் தயங்கி உண்மையான காரணத்தைச் சொன்னார். ஆபரேஷன் செய்பவர் ஆண் டாக்டர், மனைவி கூச்சப்படுகிறார். பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே போங்கள், கிடைக்காவிட்டால் நிர்ப்பந்தத்தில் தேவையான அளவு ஆண் டாக்டர் பார்ப்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள் என்றேன். போனை மனைவியிடம் கொடுத்தார். அவரிடமும் அதையே சொன்னேன்.

குறித்த நாளிலேயே ஆபரேஷன் நடந்தது. இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சகோதரியின் ஷிஃபாவுக்காக துஆ செய்யுங்கள்.