மலையேறி வரும் கரைப்பறவைகள்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பறவை பார்ப்பவர்களின் உள்ளூர்ப் பறவைப் பட்டியல் மளமளவென்று நீளும். 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் உச்சியின் பாசிபடர்ந்த காடு ஒரே காலையில் குக்குறுவான், மின்சிட்டு, சிரிப்பான் என்று அள்ளிக் கொடுத்துவிடும். கடைசிவரை காலியாகக் கிடப்பது கரைப்பறவைகளுக்கான இடம்தான். மலைமேல் கடற்கரைக்கு எங்கே போவது?

உண்மையில் இந்தப் பறவைகள் பலவற்றுக்குக் கடலே தேவையில்லை. கால் நனையும் அளவுக்குத் தண்ணீர், அலகு இறங்கும் அளவுக்கு ஈரமண், அதில் புழு பூச்சி. இவை மூன்றும் இருந்தால் போதும். ஓடைக்கரையும் காய்கறித் தோட்டத்து வாய்க்காலும் அவற்றுக்குக் கரைதான்.

முதலில் தேட வேண்டியது சாதாரண உள்ளானை. ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், 50 கிராம் எடை. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் முட்டையிட்டுவிட்டு, ஆகஸ்ட் வாக்கில் தெற்கே வரும். ஓடைக் கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும். அதே ஓடையில் கரும்சாம்பல் வாலாட்டியும் வாலாட்டிக்கொண்டு திரியும். ஆனால் அதற்கு வால் நீளம், வயிற்றுப்பக்கம் மஞ்சள். உள்ளானின் வயிறு வெள்ளை. அந்த வெள்ளை, மார்புக்கும் இறக்கைக்கும் நடுவே ஆப்பு போல மேலேறி நிற்கும். கிளப்பிவிட்டால் தண்ணீரை ஒட்டியே பறக்கும்: விறைத்த இறக்கையில் நாலைந்து படபடப்பு, பிறகு ஒரு மிதப்பு.

அடுத்தது ஊசிவால் உள்ளான். ஈரப் புல்லில் பதுங்கியிருந்து, காலடியில் விருட்டென்று எழும். இதன் நீண்ட அலகின் நுனியில் நரம்புகள் செறிந்திருப்பதால், மண்ணுக்குள் நெளியும் புழுவைக் கண்ணால் காணாமலே உணர்ந்துவிடும். அலகு புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வவும் முடியும். இன்னொரு வகைக் கரைப்பறவைகளான உப்புக்கொத்திகளோ கண்ணையே நம்புபவை. பெரிய கண்கள், குட்டை அலகு. ஓடி, நின்று, பார்த்துக் கொத்தும்.

ஊசிவாலை உறுதிசெய்வது எளிதல்ல. அதன் வாலில் சுமார் 26 இறகுகள்; ஓரத்தில் இருப்பவை ஊசியாய் மெலிந்தவை. அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் சுவின்ஹோ உள்ளானுக்கு சுமார் 20. பறந்து மறையும் பறவையின் வாலிறகை யார் எண்ணுவது? இரண்டு பெயரையும் எழுதி நடுவே சாய்கோடு போடுவதுதான் நேர்மை.

இந்தப் பறவைகள் மலையில் தென்படுவதற்கு இரவுப் பயணமும் ஒரு காரணம். கரைப்பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. வழியில் மழையோ மூடுபனியோ மறித்தால், கிடைத்த ஈரநிலத்தில் இறங்கிவிடும். ஆகவே மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையைத் தவறவிடக் கூடாது. இப்படி இறங்கக்கூடிய இடம் ஒன்று கேமரன் மலையிலேயே உண்டு: ரிங்லெட்டில் பெர்தாம் ஆற்றை மறித்து 1960களில் அணை கட்டினார்கள். மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து அடித்து வரும் மண், அந்த நீர்த்தேக்கத்தைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. அணைக்கு அது கேடு. ஆனாலும் தண்ணீர் வற்றும்போது தெரியும் சேற்று விளிம்பைப் பைனாகுலரால் ஒருமுறை அலசிப் பார்ப்பது நல்லது.

எல்லாக் கரைப்பறவையும் மேலே வராது. பட்டைவால் மூக்கான் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அந்த இனத்தைப் பார்க்கக் கடலோரச் சேற்றுவெளிக்குத்தான் போக வேண்டும். அதைத் தோட்டத்துப் பட்டியலில் எதிர்பார்ப்பது வீண்.

தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை ஒரே ஓடையை வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள். நாள், நேரம், இடம், எண்ணிக்கை நான்கையும் குறியுங்கள். ஒன்றும் தென்படாத நாளையும் விடாமல் எழுதுங்கள். உள்ளான் என்று வந்தது, என்று போனது என்பதை அந்த வெறும் நாட்களை வைத்துத்தான் கணக்கிட முடியும்.