வாலில் வந்த வெள்ளை விளிம்பு

கோல்ட் ஃபிஷ்ஷின் வால் நுனி கிழிந்திருந்தது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றியதும் கிழிசல் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் விளிம்பு முழுக்க வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. இது பூஞ்சையா, இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றலாமா என்று கேட்கிறார் தருமபுரி வாசகர் ஒருவர். பதில் சுருக்கமானது: கிழிசல் நின்ற பிறகு வந்த வெள்ளை என்றால், பெரும்பாலும் அது பூஞ்சை இல்லை, புது வால். மருந்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கவனிக்கலாம். ஆனால் அந்த வெள்ளை விளிம்புக்குள் நடக்கும் காரியம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல.

அதற்கு முன் கேள்வியின் இரண்டாம் பாதி. வால் கிழிந்ததற்குப் போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு காரணமா? தருமபுரியில் இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் வியப்பு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்து, எலும்பு வளைந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஃபுளோரைடு மெதுவாக வேலை செய்யும் பொருள். மீனிலும் அது எலும்பில்தான் சேர்கிறது. தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் மீனுக்கு அதன் நச்சு குறையவும் செய்கிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு வாலை நார்நாராக்குவது அதன் வேலை அல்ல.

அந்த வேலையைச் செய்யும் நஞ்சை மீனே உண்டாக்குகிறது. செவுள் வழியாக மீன் ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகி அதைக் கூட்டுகிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியத்தால் பெரிய தீங்கில்லை. மின்னூட்டம் இல்லாத அம்மோனியாதான் செல்லுக்குள் புகுந்து நஞ்சாகிறது. இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.6 விழுக்காடுதான் நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் 5.4 விழுக்காடு. அதே மீன், அதே தீவனம், அதே அழுக்கு. நஞ்சு மட்டும் ஏறத்தாழ 10 மடங்கு. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டால் அது 7.4 விழுக்காடாகிறது. மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலே நஞ்சாகிவிடும் தண்ணீர் அது.

இதன் கொடுமையான உதாரணம் மீன் வாங்கி வந்த அன்றே நடக்கிறது. தமிழ்நாட்டு வண்ண மீன் வியாபாரத்தின் பெரிய சந்தை சென்னை கொளத்தூர். அங்கே ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பையில் ஏறும் மீன், தருமபுரிக்கு வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வழியெல்லாம் மூச்சுவிட்டுக்கொண்டே வருகிறது. பைக்குள் கரியமில வாயு சேர்கிறது, பி.எச். இறங்குகிறது. அதனால் சேர்ந்த கழிவெல்லாம் தீங்கில்லாத அம்மோனிய வடிவில் அடங்கிக் கிடக்கிறது. பையைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் ‘பழக்கும்’போது கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது. அடங்கிக் கிடந்தது அத்தனையும் நஞ்சாகிறது. பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். நீண்ட பயணத்தில் வந்த மீனுக்கு அதுவே பாதுகாப்பு.

அம்மோனியா செவுளை எரிக்கிறது, உடலின் சளிப்படலத்தைக் கெடுக்கிறது. உடலிலேயே மெல்லிய இடம் துடுப்பின் விளிம்பு. ஏரோமோனாஸ், ஃபிளேவோபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாத் தொட்டியிலும் சாதாரணமாக இருப்பவைதான். காவல் தளர்ந்ததும் விளிம்பில் நுழைகின்றன. துடுப்பு அழுகல் இப்படித்தான் தொடங்குகிறது.

இனி அந்த விளிம்புக்குள்.

மீனின் வால் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தால் போதும். மூங்கில் பிளாச்சுகளால் ஒரு கூடு, அதன்மேல் தண்ணீர் புகாத போர்வை. அன்று தோல், இன்று தார் பூசிய பிளாஸ்டிக். வால் துடுப்பிலும் விசிறிபோல் விரியும் எலும்புக் கதிர்கள்தான் பிளாச்சுகள். மேலே இருபுறமும் தோல். ஒவ்வொரு கதிரும் நீளவாக்கில் பிளந்து, வளைந்த உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்த இரண்டு பட்டைகள். மூங்கிலைப் போலவே கணுக் கணுவாக நீள்கிறது, நுனியை நோக்கிக் கிளைக்கிறது. இரு பட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

பரிசல் பாறையில் மோதி, ஒரு பக்கத்து விளிம்பு சிதறிப்போனதாக வைத்துக்கொள்வோம். பரிசல்காரர் கரையேற்றிப் புதுப் பிளாச்சு வைத்துக் கட்டுவார். வால் அப்படிச் செய்வதில்லை. முதலில் இருபுறத்துப் போர்வையும் தானே நகர்ந்து வந்து முறிந்த விளிம்பை மூடுகிறது. பாதி நாளில் இது முடிந்துவிடும், தழும்பு விழாமல். பிறகு, முறிந்த ஒவ்வொரு பிளாச்சின் நுனியிலும், முற்றிக் காய்ந்த மூங்கில் மீண்டும் இளங்குருத்தாகிறது. எலும்பைக் கட்டி முடித்துவிட்டு ஓய்ந்திருந்த செல்கள் தம் முதிர்ச்சியைக் களைந்து, பிளவுபட்டுப் பெருகி, கதிரின் முனையில் ஒரு மொட்டாகத் திரள்கின்றன. பிளாஸ்டீமா என்பது இதுதான். ஒவ்வொரு கதிருக்கும் தனித்தனி மொட்டு. முதிர்ச்சியைக் களைந்தாலும் அவை குலம் மாறுவதில்லை: எலும்பிலிருந்து வந்த செல் எலும்பையே கட்டும், தோலிலிருந்து வந்தது தோலையே கட்டும். பழைய கணுக்கள் நீள்வதில்லை. நுனியில் புதுக் கணு ஒவ்வொன்றாகச் சேர்கிறது.

வியப்பு இதற்கும் மேலே. அந்தப் பரிசலின் பிளாச்சுகளுக்குத் தாம் எங்கே முறிந்தோம் என்பது தெரியும். அடிக்கு அருகில் முறிந்தவை விரைந்து வளர்கின்றன. விளிம்புக்கு அருகில் முறிந்தவை நிதானமாக வளர்கின்றன. ஏறக்குறைய ஒரே சமயத்தில் எல்லாம் பழைய வட்டத்தை எட்டி, ஒரு விரற்கடைகூட மீறாமல் நிற்கின்றன. ஜீப்ரா மீனில், 28 டிகிரி வெப்பத்தில், வெட்டிய வால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நீளத்துக்கு வந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் 11 மாதங்களில் 27 முறை வெட்டிப் பார்த்தார்கள்; அதன் பிறகும் அதே அளவில்தான் வளர்ந்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது.

எங்கே நிறுத்துவது என்ற கணக்கில் செல்லின் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில்களுக்குப் பங்கு உண்டு என்று 2014-ல் தெரியவந்தது. அந்த வாயில்களில் ஒன்றுக்கான மரபணு பிறழ்ந்த ஜீப்ரா மீனின் துடுப்பு அளவு மீறி வளர்கிறது. கடைகளில் நீண்ட துடுப்போடு விற்கும் ஜீப்ரா மீனிலும் இப்படி ஒரு பொட்டாசிய வாயிலில்தான் மாற்றம் இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத துடுப்பையே அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

வரலாறு தேவைப்படுவோருக்கு: மீன் துடுப்பு மறுபடி வளர்வதை 1786-லேயே பிரான்ஸின் புரூசொனே எழுதிவைத்தார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ஹன்ட் மோர்கன் வாலைச் சாய்வாக வெட்டி, எந்த இடம் எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்த்தார். அவர் பின்னர் பழ ஈக்களிடம் போய் 1933-ல் நோபல் பரிசு பெற்றார். மீன் வால் பல பத்தாண்டுகள் காத்துக்கிடந்தது.

இப்போது வாசகரின் வெள்ளை விளிம்பு. புதிதாக வளரும் பகுதியில் நிறமிச் செல்கள் பிறகுதான் வந்து சேர்கின்றன. அதுவரை விளிம்பு நிறமற்று, மெல்லிய கண்ணாடித்தாள் போல, வெளிச்சத்தில் வெண்மையாகத் தெரியும். அது சீராக இருக்கும், நாளுக்கு நாள் அகலும், மீன் நன்றாகத் தின்னும். அழுகலின் வெள்ளை வேறு மாதிரி: பால் கலங்கியது போன்ற நிறம், ஒழுங்கற்ற கிழிசல், சில சமயம் பஞ்சு போன்ற படர்வு, துடுப்பின் அடியில் சிவப்புக் கீற்று. நாளுக்கு நாள் வால் குறுகும். பக்கவாட்டிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டால் வளர்கிறதா தேய்கிறதா என்பது தெரிந்துவிடும். வளரும் வாலைப் பூஞ்சை என்று எண்ணி மருந்து ஊற்றுவது, ஆறும் புண்ணைக் கிளறுவதுதான்.

மருந்துகள் மீது இத்தனை நம்பிக்கை வைப்பதற்கு ஆதாரம் குறைவு. மெத்திலீன் புளூவுக்கு முட்டைகளைப் பூஞ்சையிலிருந்து காப்பது போன்ற பயன்கள் உண்டு. ஆனால் தொட்டியில் ஊற்றினால், அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் வடிகட்டி பாக்டீரியாக்களையும் அது பாதிக்கும். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவோரும் உண்டு. கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கட்டிவிடுகின்றன. தருமபுரிப் போர் தண்ணீரில் அதன் பெரும்பகுதி வீணாகும். மிச்சம், பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்புச் சக்தி பழக்கும். புட்டியில் விற்கும் ‘நல்ல பாக்டீரியா’க்களிலும் எச்சரிக்கை தேவை. தொட்டிகளில் அம்மோனியா மாறி உண்டாகும் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் சொல்லி விற்றார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரிந்தது. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை வாங்கிவந்து வைப்பது இலவசம், நம்பகமும் கூட.

மீனைப் போல மனிதரும் கைகால் வளர்க்கும் நாள் நெருங்கிவிட்டது என்ற செய்தியும் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. குழந்தைகளுக்கு, நகத்தின் அடிப்பகுதி மிஞ்சியிருந்தால், விரல் நுனி மறுபடி வளர்வது உண்மை. அதற்கும் ஒரு கைக்கும் இடையே உள்ள தூரத்தை ஜீப்ரா மீனை வைத்து ஒரே தாவலில் தாண்ட முடியாது.

செய்ய வேண்டியது சொற்பம். தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும். மனிதருக்குப் பாதுகாப்பான லிட்டருக்கு 0.2 மில்லிகிராமே மீனின் செவுளுக்கு ஆபத்து. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் அது இன்னும் கூடும். அகலமான வாளியில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்துப் பயன்படுத்தலாம். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் உடனே முறிக்கும். புதுத் தொட்டி என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு நல்ல துணை: நைட்ரைட் செவுளுக்குள் நுழைவது குளோரைடு நுழையும் வழியில்தான், உப்பின் குளோரைடு அந்த வழியை அடைத்துக்கொள்கிறது, ரத்தம் பழுப்பாகாமல் தப்பிக்கிறது.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. கதிர்களின் அடித்தண்டு மிஞ்சியிருந்தால்தான் மொட்டு கட்டும். அழுகல் வாலின் வேர் வரை இறங்கிவிட்டால் துடுப்பு திரும்புவதில்லை, திரும்பினாலும் கோணலாக வரும். அடியில் சிவப்புத் தெரிந்த அன்றே மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, அங்கே மட்டும் மருந்து கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியில் அந்த வாரம் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் அம்மோனியாவும் கிட்டத்தட்டப் பாதியாகும்.