விண்டோஸ் 11-க்கு மாறியதும் எஃப் கீகள் வேலை செய்யலையா? கீபோர்டை மாற்ற அவசரப்படாதீங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றிய சிலருக்குப் புதுத் தலைவலி. எழுத்துக் கீகள் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். மேல் வரிசையில் திரை வெளிச்சம், டச்பேட், ஏரோப்ளேன் மோட் கீகளை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

ஈப்போ டவுனில் இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸுக்குப் போய்விடலாம். சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அதுவே அரை நாள் வேலை. அவ்வளவு தூரம் போய், 'கீபோர்ட் போச்சு' என்று புதுசு போட்டுக்கொண்டு வந்தால் பணம்தான் வீண். பெரும்பாலும் கோளாறு கீயில் இருக்காது.

எப்படி? மேல் வரிசைக் கீகள் எல்லாமே ஒரே வழியில் வேலை செய்வதில்லை. சத்தத்தைக் கூட்டும் கீ பொதுவாக விண்டோஸுக்கு நேரடியாகப் புரியும் சிக்னலை அனுப்பும். அதனால்தான் அப்கிரேடுக்குப் பிறகும் அது தப்பித்துக்கொள்கிறது. டச்பேட், ஏரோப்ளேன் மோட் போன்றவை பல மாடல்களில் லேப்டாப் நிறுவனத்துக்கே உரிய தனி சிக்னலை அனுப்பும். அதை விண்டோஸுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அந்த நிறுவனத்தின் ஹாட்கீ டிரைவர். அப்கிரேடில் இந்த டிரைவர் விடுபட்டாலோ புது விண்டோஸோடு ஒத்துப்போகாவிட்டாலோ, கீ கூப்பிடும். கேட்க ஆள் இருக்காது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பிரவுசரைத் திறந்து எஃப்5 அழுத்துங்க. பக்கம் ரீஃப்ரெஷ் ஆகலைன்னா எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்திப் பாருங்க. ஏதாவது ஒரு வழியில் வேலை செய்தால் அந்தக் கீ நல்லாத்தான் இருக்கு. இரண்டும் தலைகீழாக மாறியிருந்தால் எஃப்என் லாக்தான் காரணம். பல மாடல்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். சில மாடல்களில் இதைப் பயாஸ் அமைப்பில்தான் மாற்ற முடியும். ஆனால் பயாஸைத் தொடுவதற்கு முன், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பாருங்க. லேப்டாப் அதைக் கேட்டு, உங்களிடம் இல்லையென்றால், அசைன்மென்ட் உட்பட உள்ளே இருக்கும் எதையும் திறக்க முடியாது.

வெளிச்சக் கீ மட்டும் படுத்தினால், செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ஸ்லைடரை நகர்த்துங்க. ஸ்லைடரே இல்லை அல்லது அசையவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் சந்தேகப்படலாம். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டினால் அதேதான். ஸ்லைடர் வேலை செய்து கீ மட்டும் செய்யவில்லை என்றால் ஹாட்கீ டிரைவரைப் பாருங்க.

டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால் உங்கள் மாடலுக்கு உரியது வரும். லெனோவோவுக்கு வான்டேஜ், ஆசுஸுக்கு மைஆசுஸ் என்று தனிச் செயலிகளும் உண்டு. விண்டோஸ் 11-க்கான டிரைவர் பட்டியலில் இல்லாவிட்டால் விண்டோஸ் 10-க்கானதைப் போட்டுப் பார்க்கலாம். பல நேரம் வேலை செய்யும். வைஃபையும் சேர்ந்து போய்விட்டதா? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டேட்டாவைப் பகிருங்க. இல்லையென்றால் பக்கத்து நாடி மையத்தில் பெண்டிரைவில் இறக்கிக்கொண்டு வரலாம்.

கூகுளில் தேடும்போது மேலே வரும் 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்' வகை விளம்பரங்கள் பக்கம் மட்டும் போகாதீங்க. கார்டு விவரம் கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே 997-க்கு அழைக்க வேண்டும்.

டி.பி.எம் 2.0 போன்ற தகுதிகள் இல்லாத பழைய லேப்டாப்பில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டிருந்தால், சரியான டிரைவர் கிடைக்காமலே போகலாம். வழக்கமான முறையில் அப்கிரேடு செய்தவர்கள் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதற்குள் இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.