கரடுமுரடுப் பாதைக்கு எந்த வண்டி? குறு வீல்பேஸும் நெடு வீல்பேஸும்

வாகனக் கடன் நாடி வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வண்டியின் விலை, வட்டி விகிதம், மாதத் தவணை ஆகிய மூன்றைப் பற்றியே வினவுவர். மலைப் பாதையிலும் மணல்வெளியிலும் ஓட்டத்தக்க வண்டியை விரும்புவோரிடம் நான்காவதாக ஒரு கேள்வியும் எழுகிறது. ஒரே பெயரில் மூன்று கதவு வடிவமும் ஐந்து கதவு வடிவமும் விற்பனைக்கு இருக்கும்போது எதைத் தேர்வது? இக்கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, வீல்பேஸ் என்னும் ஓர் அளவில் அடங்கியுள்ளது.

முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரையுள்ள நீளமே வீல்பேஸ். வண்டியின் மொத்த நீளம் வேறு, இது வேறு. வண்டி எவ்வளவு எளிதாகத் திரும்பும், மேட்டை எப்படிக் கடக்கும், ஏற்றத்தில் எவ்வளவு நிலையாக நிற்கும், உள்ளே எத்தனை பேர் அமரலாம் என்பவற்றோடெல்லாம் இந்த அளவு தொடர்புடையது.

இந்தியா கண்ட வளர்ச்சி

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லிஸ் ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. மகிந்திரா நிறுவனம் 1947-இல் ஜீப் தொழிலில் இறங்கியபோது இந்தக் குறு வடிவமே நம் நாட்டில் வேரூன்றியது. 1985-இல் மாருதி அறிமுகப்படுத்திய ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ. அதன் மூலமான சுசுகி வண்டி 2,030 மி.மீ. குறு வடிவிலும் வெளிநாடுகளில் விற்பனையானது. இந்தியா நெடு வடிவத்தையே தேர்ந்தெடுத்தது.

வரலாறு மீண்டும் அதே திசையில் நடந்தது. 2023-இல் இங்கு விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ.; வெளிநாடுகளில் கிடைக்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு 2,250 மி.மீ. மட்டுமே. 2020-இல் வந்த மகிந்திரா தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ.; 2024 ஆகஸ்டில் அறிமுகமான தார் ராக்ஸுக்கு 2,850 மி.மீ. குடும்பத்தோடு பயணம் செய்யும் வழக்கம் நம்முடையது. ஆகவே நீளம் கூடிய வடிவங்களுக்கு இங்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

குறு வீல்பேஸின் வலிமை

கரடுமுரடான பாதையில் ஒரு வண்டியின் திறனை மூன்று கோணங்கள் சொல்லும். முன்பக்கம் இடிக்காமல் ஏறத்தக்க மேட்டின் கோணம் முதலாவது. பின்பக்கம் உரசாமல் இறங்கத்தக்க கோணம் இரண்டாவது. வண்டியின் அடிவயிறு தட்டாமல் கடக்கத்தக்க முகட்டின் கோணம் மூன்றாவது.

தார், தார் ராக்ஸ் இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். முன்கோணம் தாருக்கு 41.8 பாகை, ராக்ஸுக்கு 41.7 பாகை. பின்கோணம் முறையே 36.8, 36.1 பாகை. இவற்றில் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் முகட்டுக் கோணம் தாருக்கு 27 பாகையாக இருக்க, ராக்ஸுக்கு 23.9 பாகையாகக் குறைகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையில் கூடிய 400 மி.மீ. நீளமே இதற்கு முதன்மைக் காரணம். கூர்மையான பாறை முகட்டிலோ மணற்குன்றின் உச்சியிலோ நெடு வண்டியின் வயிறு தட்டிவிட்டால், அது தராசுக் கோல்போல் முகட்டின்மேல் அமர்ந்துவிடும். சக்கரங்கள் சுழலும், வண்டி நகராது.

திரும்பும் வசதியிலும் குறு வண்டியே முந்துகிறது. மூன்று கதவு ஜிம்னியின் திரும்பு ஆரம் 4.9 மீட்டர், ஐந்து கதவு ஜிம்னிக்கு 5.7 மீட்டர். ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளத்தாக்கும் உள்ள கொண்டை ஊசி வளைவில் இந்த வேறுபாடு பெரிது. ஒரே வீச்சில் திரும்புவதற்கும், பள்ளத்தின் விளிம்பருகே பின்னோக்கி எடுத்து மீண்டும் திருப்புவதற்கும் உள்ள இடைவெளி அது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூ வரை சுமார் 31 கி.மீ. மலைப்பாதை செல்கிறது. கற்கள் பரப்பிய செங்குத்தான அத்தடத்தில், 1950களில் உருவான லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றுள்ளன. 80 அங்குலத்தில் தொடங்கிய லேண்ட் ரோவரின் குறு வடிவம், அந்தப் பத்தாண்டில் 86, 88 அங்குலம் என வளர்ந்தது. அப்படி வளர்ந்த பின்னும் அது இன்றைய தாரைவிடக் குறைந்த அளவே.

நெடு வீல்பேஸின் வலிமை

ஏற்றத்தில் ஏறும்போது வண்டியின் எடையில் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறும். தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,800 கிலோ எடையும், தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் எடைமையமும் உள்ள வண்டி 30 பாகைச் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். வீல்பேஸ் 2.45 மீட்டரானால் சுமார் 257 கிலோ பின்னுக்கு மாறும், 2.85 மீட்டரானால் சுமார் 221 கிலோ மாறும். முன்சக்கரங்களில் எடை கூடுதலாகத் தங்கினால் அவற்றின் பிடியும் திசைக் கட்டுப்பாடும் கூடும். இறக்கத்தில் இதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கும். அங்கும் நெடு வண்டியே நிலையாக இறங்கும்.

தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் குறு வண்டி முன்னும் பின்னுமாக ஊசலாடும். லடாக், ஸ்பிதி பகுதிகளின் கற்சாலைகளில் நாள் முழுவதும் பயணம் செய்தால் இந்த ஆட்டம் ஓட்டுநரைக் களைப்படையச் செய்யும். நெடு வண்டியில் இது குறைவு.

அனைத்திற்கும் மேலாக, இடவசதி. மூன்று கதவுத் தார் நால்வருக்கு உரியது. ஐந்து கதவுகள் இருப்பினும் ஜிம்னியும் நால்வருக்கே உரியது. தார் ராக்ஸில் ஐவர் அமரலாம். உட்புறம் போதாமல் பெட்டிகளையும் எரிபொருள் கலன்களையும் கூரைமீது அடுக்கினால் எடைமையம் உயரும். சரிவில் கவிழும் ஆபத்தும் உயரும். குடும்பத்தோடு மலையேறுபவர் இதனை அலட்சியம் செய்யலாகாது.

வீல்பேஸ் தீர்மானிக்காதவை

சில ஆற்றல்களுக்கும் வீல்பேஸுக்கும் தொடர்பில்லை. ஓடையைக் கடக்கும் ஆழம், என்ஜினுக்குக் காற்று செல்லும் வழி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பக்கவாட்டுச் சரிவில் நிலைத்து நிற்பது, இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையும் எடைமைய உயரத்தையும் பொறுத்தது. சேற்றிலும் மணலிலும் டயரின் தன்மையும் காற்றழுத்தமும் முதன்மை பெறுகின்றன. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டிக்குக் குறு வீல்பேஸ் மட்டும் துணை செய்யாது.

வரவும் செலவும்

நீளத்திற்கும் வரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 4,000 மி.மீ. நீளத்திற்கு மேற்படாத கார்களில், 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் என்ஜினோ 1,500 சி.சி. வரையிலான டீசல் என்ஜினோ கொண்டவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அவ்வரம்பைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 விழுக்காடு. ஜிம்னியின் நீளம் 3,985 மி.மீ. மட்டுமே, ஆயினும் அதன் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால் உயர்வரியே பொருந்தும். மூன்று கதவுத் தாரின் 1.5 லிட்டர் டீசல் வடிவம் குறைந்த வரிக்கு உரியது. ஆனால் அது பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. விலைப்பட்டியலில் முதலில் நிற்கும் எண்ணைக் கண்டு முடிவெடுப்பவர், தாம் தேடிவந்த நான்கு சக்கர இயக்கம் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய வடிவத்திற்காகக் கூடுதலாகப் பெறும் ஒவ்வோர் இலட்சம் ரூபாய்க் கடனுக்கும், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, தவணைக்காலம் ஏழாண்டு எனக் கொண்டால், மாதத் தவணை சுமார் 1,609 ரூபாய் உயரும். முழுக் காலத்திற்கும் வட்டி மட்டும் சுமார் 35,000 ரூபாய். அந்த நீளம் அன்றாடம் பயன்படுமாயின் இது நியாயமான செலவு. இல்லையெனில் வீண் சுமை.

காப்பீட்டுப் பத்திரத்தையும் நிதானமாகப் படித்தல் நலம். போட்டி ஓட்டம், வேகச் சோதனை முதலியவற்றில் நேரும் சேதத்தை வழக்கமான காப்பீடு ஏற்பதில்லை. நீர் புகுந்த என்ஜினைத் தொடர்ந்து இயக்கியதால் ஏற்படும் பழுதுக்கு, என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு தேவைப்படும். வண்டியின் உயரத்தையோ அமைப்பையோ மாற்ற விரும்புவோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடன் நிலுவையில் இருக்கும்வரை வண்டி வங்கியிடம் ஈடாக உள்ளது. ஆதலால் எந்த மாற்றத்திற்கும் முன்னர் வங்கியின் எழுத்துவழி இசைவைப் பெறுதல் வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

தில்லியிலிருந்து மணாலி வழியாக லே செல்லும் பயணம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தார்ச்சாலை. 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தாங் கணவாயின் கடினமான ஏற்றத்தையும் தவிர்த்துவிட்டது. இத்தகைய நெடும்பயணத்தைக் குடும்பத்தோடு மேற்கொள்பவருக்கு நெடு வீல்பேஸே ஏற்றது. அதற்கு மாறாக, மலைத்தோட்டத்திற்கோ காட்டோர நிலத்திற்கோ குறுகிய தடத்தில் நாள்தோறும் ஓரிருவராகச் சென்று வருபவருக்குக் குறு வீல்பேஸே உண்மையான துணை.

முன்பணம் கட்டுவதற்கு முன், கடந்த ஓராண்டில் தாம் சென்ற பயணங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். எத்தனை பேர் சென்றோம், எவ்வளவு சுமை, எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை, எத்தனை கிலோமீட்டர் கரடுமுரடு என நான்கு பத்திகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கடினப் பாதை வருமெனில், அங்கு உள்ளூர் ஓட்டுநருடன் வண்டியை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். வாங்கும் வண்டி, ஆண்டின் மற்ற நாள்களுக்குப் பொருந்துவதாக இருக்கட்டும்.