பழைய பேப்பர் வீட்டுச் சூட்டைத் தடுக்குமா? எங்கே போடலாம், எங்கே கூடாது?

மேல்மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் அனலடிக்கிறதா? பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைத்தான் கான்கிரீட் தளம் இரவில் உள்ளே இறக்குகிறது. இதற்குத் தீர்வு தேடுபவர்கள் கண்ணில் அடிக்கடி படும் பெயர் ‘செல்லுலோஸ் இன்சுலேஷன்’. நம்ம ஊர் வீடுகளுக்கு இது சரிவருமா?

அது என்ன பொருள்?

பெரும்பகுதி பழைய செய்தித்தாள்தான். பஞ்சுபோல அரைத்து, சீக்கிரம் தீப்பிடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க போரேட் உப்பு சேர்ப்பார்கள். இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும். அதே தடிமன் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் 30-ல் ஒரு பங்குகூட இது கடத்தாது.

எங்கே போடுகிறார்கள்?

அமெரிக்கா, கனடாவின் மரச்சட்ட வீடுகளில் இது சகஜம். கூரைக்கு அடியிலுள்ள பரணில் மெஷின் வைத்துத் தளர்வாக ஊதுவார்கள். சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் இறுக்கமாக அடைப்பார்கள். இறுக்கம் போதாவிட்டால் நாளடைவில் கீழே படிந்து, மேலே இடைவெளி விழும்.

இந்தியாவில்?

நம்ம செங்கல் சுவரில் பெரும்பாலும் அந்த வெற்றிடமே கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன்மேல் போடலாம். ஆனால் கூரை ஒழுகக் கூடாது. சீலிங் எடை தாங்கணும். சூடாகும் விளக்குகளைச் சுற்றி இடைவெளி விடணும். நனைந்தால் பேப்பர் பேப்பர்தான். குளியலறை, ஈரம் கசியும் சுவர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மொட்டை மாடிக்கு என்ன வழி?

வெயில் தளத்தைத் தொடும் முன்பே தடுக்கணும். அதனால் இன்சுலேஷன் தளத்துக்கு மேலே வருவதுதான் நல்லது. மிதிபடும், மழை படும் இடம் என்பதால் அங்கே செல்லுலோஸ் ஆகாது. தண்ணீர் உறிஞ்சாத எக்ஸ்.பி.எஸ். பலகையை வைத்து, மேலே ஓடு பதிக்கலாம்.

எவ்வளவு தேவை? மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிப்படி, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதன் அளவு இது. வெறும் 15 செ.மீ. கான்கிரீட் தளத்துக்கு இது 3-க்கும் மேல். 5 செ.மீ. எக்ஸ்.பி.எஸ். போட்டாலே 1-க்குக் கீழே வந்துவிடும்.

கையில் பணம் குறைவா? வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சிலிருந்து தொடங்குங்கள். தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கையே கொண்டுவந்தது இதற்காகத்தான். எதைச் செய்வதானாலும் தளத்தின் விரிசலையும் ஒழுகலையும் முதலில் அடைத்துவிடுங்கள்.