பழைய மடிக்கணினியில் இருப்பது எந்த பிராசசர்?

மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர் பிராசசரின் குடும்பப் பெயரை மட்டும் சொல்லும்: பென்டியம், செலரான், கோர் ஐ3. அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பென்டியம் என்ற பெயரில் இன்டெல் 1993-லும் பிராசசர் விற்றது, 2020-லும் விற்றது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த கணினிகள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. கரிசல் புழுதியிலும் கைவியர்வையிலும் அந்த ஸ்டிக்கரும் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும்.

ஆனால் பிராசசருக்குத் தன் பெயர் தெரியும். 486 வரிசையின் பிந்தைய சில்லுகளிலும் பென்டியத்திலும் சிபியுஐடி என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. மென்பொருள் அதை அனுப்பினால், தயாரித்த நிறுவனத்தின் அடையாளத்தைப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளில் சில்லு திருப்பித் தரும்: ‘ஜெனுயின்இன்டெல்’ அல்லது ‘ஆதென்டிக்ஏஎம்டி’. பின்னால் வந்தவை மாடல் எண்ணோடு முழுப்பெயரையும் தருகின்றன.

விண்டோஸில் ‘கம்ப்யூட்டர்’ படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் அந்தப் பெயர் தெரியும். ஹார்டுடிஸ்க் செத்துப்போன கணினி என்றாலும் கவலையில்லை. பவர் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் வரும் பயாஸ் திரையிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். கணினி உயிரே பெறாவிட்டால், அடிப்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கழற்றி, ஹீட்சிங்க்கைத் தூக்கி, பேஸ்டைத் துடைத்துச் சில்லைப் பார்ப்பது கடைசி வழி. அதைப் பழுது பார்க்கிறவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கிடைத்த பெயரில் எண்தான் முக்கியம். ஐ3-2350எம் என்றால் 2 என்பது இரண்டாம் தலைமுறை, 2011-ன் வரவு. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. ஐ5-10210யு-வில் முதல் இரண்டு இலக்கங்களும் சேர்ந்து பத்தாம் தலைமுறை. மூன்றே இலக்கம் இருந்தால், ஐ3-370எம் போல, அது முதல் தலைமுறை. விண்டோஸ் 11, இன்டெல் கோர் வரிசையில் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஏஎம்டியின் எண்முறை வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் ‘சிஸ்டம் டைப்’ 32-பிட் என்று காட்டினால், அது நிறுவியிருக்கும் விண்டோஸின் கணக்கு. பிராசசர் 64-பிட்டாகவே இருக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸ்கள் 32-பிட் கணினிகளுக்கான பதிப்பை நிறுத்திவிட்டதால், லினக்ஸுக்கு மாற நினைக்கிறவர் மாடல் எண்ணை வைத்து இதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.