காலடிப்பேட்டையிலிருந்து குடியம் குகைக்கு: ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

"வடசென்னையிலிருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி இடம் சொல்லுங்க, மகாபலிபுரம் மட்டும் வேண்டாம்"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோட் அதுக்குத்தான். பூண்டிங்கிற சின்ன ஊர், அதுக்கு அப்பால குடியம் காட்டுக்குள்ள இருக்கிற குகைகள். திருவள்ளூர் மாவட்டம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான்.

நான் காலடிப்பேட்டைக்காரன். எங்க ஊர் பேர்லயே "காலடி" இருக்கு, ஆனா அதுக்கும் காலடிக்கும் சம்பந்தம் இல்ல. 1717லிருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கின பேட்டை இது. காலெட் பேட்டை நம்ம வாயில புரண்டு காலடிப்பேட்டை ஆயிடுச்சு. இதை இங்க ஏன் சொல்றேன்னா, 300 வருஷத்துல ஒரு பேர் இவ்வளவு மாறும்னா, நாம இப்ப பேசப்போற கால அளவை யோசிச்சுப் பாருங்க. 15 லட்சம் வருஷம்.

போற வழி சுலபம். காலடிப்பேட்டை மெட்ரோவுல ஏறி சென்ட்ரல். அங்கேர்ந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்கு பஸ். பூண்டி வரைக்கும் பொதுப் போக்குவரத்தே போதும். அதுக்கப்புறம் குடியம் கிராமத்துக்கு வண்டி பேசிக்கிறது நல்லது. நாங்க பதினோரு பேர் போனதால ஒரு வேன் எடுத்துக்கிட்டோம்.

முதல்ல பூண்டி. இறங்கினதும் கண்ணுல படுறது ஏரி. பேர் சத்தியமூர்த்தி சாகர். மெட்ராஸ் மேயரா இருந்தப்போ, நகரத்துக்குக் குடிதண்ணி வேணும்னு இந்தத் திட்டத்துக்காக நின்னவர் தீரர் சத்தியமூர்த்தி. 1940ல அடிக்கல், 1944ல வேலை முடிஞ்சுது. அவர் 1943லயே இறந்துட்டார், தண்ணி நிறைஞ்சதைப் பார்க்கல. இப்போ இதோட கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கிருஷ்ணா தண்ணி கண்டலேறுலேர்ந்து கால்வாய் வழியா வந்து சேர்ற இடமும் இதுதான்.

அணை கட்டப்பட்டிருக்கிற ஆறு கொசஸ்தலை. நம்ம எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல கலக்குதே, அதே ஆறு. பூண்டியில மதகைத் திறந்தா மணலி, எண்ணூர் வரைக்கும் வெள்ள எச்சரிக்கை வர்றது இதனாலதான். எங்க கூட வந்த எண்ணூர்க்காரப் பொண்ணு ஒருத்தி கரையில நின்னு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. "இந்த ஆத்துல இவ்ளோ தெளிவா தண்ணி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுண்ணா"ன்னு சொன்னா. அவளுக்குத் தெரிஞ்ச கொசஸ்தலை அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் மிதந்து வந்த ஆறு. மீன்பிடி வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாச்சே, அந்த ஆறு.

பூண்டியில இன்னொரு இடத்துக்கும் கட்டாயம் போங்க. ஊன்றீஸ்வரர் கோயில். பக்தி இருக்கோ இல்லையோ, திருவொற்றியூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கணும். சுந்தரர் திருவொற்றியூர்ல சங்கிலியாரைக் கல்யாணம் பண்ணினப்போ, உன்னை விட்டுப் போகமாட்டேன்னு மகிழ மரத்தடியில சத்தியம் பண்றார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பிடுறார். எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போயிடுது. தட்டுத் தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வர்றார். அங்க சிவன் கண்ணைக் கொடுக்கல, ஒரு ஊன்றுகோல்தான் கொடுக்கிறார். அதனாலதான் ஊன்றீஸ்வரர். கோபத்துல சுந்தரர் அந்தக் கோலை வீச, அது பட்டு நந்தியோட கொம்பு உடைஞ்சதுன்னும் சொல்வாங்க. அந்தப் பழைய திருவெண்பாக்கம் இப்போ ஏரிக்கு அடியில. அணை கட்டினப்போ கோயிலைப் பெயர்த்து இங்க கொண்டுவந்தாங்க. ஆக, மெட்ராஸ்காரங்க தாகத்துக்காக ஒரு ஊரே தண்ணிக்குள்ள போயிருக்கு. இதைப் பத்தி நாம பேசுறதே இல்ல.

சரி, கல்லுக்கு வருவோம்.

பூண்டியில தொல்லியல் துறையோட அருங்காட்சியகம் ஒண்ணு இருக்கு. சின்னது. "பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்"னு உள்ள போறவங்கதான் அதிகம். தயவுசெஞ்சு அரை மணி நேரம் கொடுங்க. ஏன்னா இங்க கைக்கோடரியைப் பார்த்துப் பழகாம காட்டுக்குள்ள போனா, அங்க கிடக்கிறது எல்லாமே வெறும் கல்லாத்தான் தெரியும். கைக்கோடரின்னா பிடி போட்ட கோடரி இல்ல. உள்ளங்கையில அடங்குற கல், ரெண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனை கூரா, கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கிறதைக் கவனிங்க. இயற்கையா உடைஞ்ச கல்லு அப்படி இருக்காது. அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வடிவம் யாரோ ஒருத்தர் மனசுல இருந்திருக்கு.

இதை இந்தியாவுல முதல்ல அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர், அப்போ வயசு 28. 1863 மே 30 அன்னிக்கு பல்லாவரத்துல ஒரு கைக்கோடரியை எடுத்தார். அதே வருஷம் செப்டம்பர்ல, வில்லியம் கிங்கோட சேர்ந்து இந்தப் பக்கம் வந்தப்போ கிடைச்ச இடம்தான் அத்திரம்பாக்கம். பூண்டியிலிருந்து கொஞ்ச தூரம். டார்வினோட புத்தகம் வந்து நாலே வருஷம் ஆன நேரம். பிரான்ஸ்ல கிடைச்ச கல் கருவிகள் மனுஷன் செஞ்சதுதான்னு அறிஞர்கள் அப்போதான் ஒத்துக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த எழுத்தைப் படிச்சிருந்ததாலதான் ஃபூட் கண்ணுக்கு அது கருவியாத் தெரிஞ்சது.

அத்திரம்பாக்கத்துல 1999லிருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு தோண்டினாங்க. 2011ல சயின்ஸ் இதழ்ல முடிவு வந்துச்சு: அடி மட்டத்துல இருந்த கருவிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் ஆண்டு. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு நிறைய பேர் கேப்பீங்க. வானத்துலேர்ந்து காஸ்மிக் கதிர் வந்துக்கிட்டே இருக்கு. அது தரைமேல கிடக்கிற படிகக்கல்லைத் தாக்கும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10ன்னு ரெண்டு அணு வகை உண்டாகுது, கிட்டத்தட்ட 7க்கு 1ங்கிற கணக்குல. கல்லு ஆழமா மண்ணுக்குள்ள புதைஞ்சிட்டா கதிர் எட்டாது, புதுசா உண்டாகுறது நின்னுடும். ஏற்கெனவே இருக்கிறது மட்டும் சிதைய ஆரம்பிக்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுல பாதியாகும், பெரிலியம் பாதியாக சுமார் 14 லட்சம் ஆண்டு ஆகும். வேற வேற வேகத்துல எரியுற ரெண்டு ஊதுபத்தியை ஒரே நேரத்துல கொளுத்தி வச்ச மாதிரி. மிச்சம் இருக்கிற நீளத்தை ஒப்பிட்டா எப்போ கொளுத்தினாங்கன்னு சொல்லிடலாம்.

2018ல நேச்சர் இதழ்ல அடுத்த செய்தி. மேல் அடுக்குல இருந்த நுட்பமான, சின்னக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டு பழசு. இந்த மாதிரித் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வந்து சுமார் ஒண்ணேகால் லட்சம் வருஷம்தான் இருக்கும்னு அதுவரைக்கும் பல பேர் நினைச்சிருந்தாங்க.

ஒரு நிமிஷம். இதை வச்சு "உலகத்தின் முதல் மனிதன் தமிழன்"னு வாட்ஸ்அப்ல ஓடுற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அத்திரம்பாக்கத்துல மனுஷ எலும்பு எதுவும் கிடைக்கல. நம்ம இனத்தோட மிகப் பழைய எலும்பு கிடைச்சது மொராக்கோவுல, அதுக்கே வயசு சுமார் 3 லட்சம் ஆண்டுதான். 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இங்க கல் உடைச்சவங்க நம்மள மாதிரி மனுஷங்களே இல்ல, தமிழ் எங்கேர்ந்து வந்துச்சு? உள்ளதே பிரமிப்பா இருக்கும்போது எதுக்கு இந்த ஜோடனை.

குடியம். கிராமத்திலிருந்து காட்டுக்குள்ள சுமார் 3 கிலோமீட்டர் நடை. காப்புக்காடு, அதனால தன்னிச்சையா போக முடியாது. வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல இதுவும் ஒரு பாதை. ஆன்லைன்ல பதிவு பண்ணினா உள்ளூர் வழிகாட்டி கூட வருவாங்க. கோடையில காட்டுத்தீ பயத்தால மூடிடுவாங்க, பார்த்துட்டு தேதி போடுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, நல்ல ஷூ. நிழல் கம்மி, முள்ளுப்புதர் ஜாஸ்தி.

எங்களுக்கு வந்த வழிகாட்டி அண்ணன் கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரையும் மோந்து பார்த்தார். சிரிச்சோம். "சென்ட் அடிச்சவங்க கடைசியா வாங்கப்பா. மேல மலைத்தேனீ இருக்குது. கூச்சல், புகை, வாசனை எதுவும் அதுக்கு ஆவாது"ன்னார். குகையோட கூரையில பெரிய பெரிய தேன்கூடு தொங்குறதைப் பார்த்தப்புறம் யாரும் சிரிக்கல.

நடக்கும்போது காலுக்குக் கீழ பாருங்க. முழுக்க உருண்டைக் கல்லு, ஆத்துல உருண்ட மாதிரி வழவழன்னு. மலைமேல ஆத்துக் கல்லு எப்படி? இந்த அல்லிக்குளி மலையே ஒரு காலத்துல ஆறுகள் கொண்டுவந்து கொட்டின கூழாங்கல்லுக் குவியல். டைனோசர் காலத்துல, கிரெட்டேசியஸ் யுகத்துல, படிஞ்சு இறுகினது. கடலை உருண்டையை நினைச்சுக்கங்க. கடலைதான் குவார்ட்சைட் கல்லு, பாகுதான் நடுவுல இருக்கிற மணல். மழையில பாகு கரைய, கடலை உதிர்ந்து ஓடை வழியா கீழ வருது. குவார்ட்சைட் கெட்டியா இருக்கும், அடிச்சா கூரா உடையும். கருவி செய்யறவனுக்கு வேற என்ன வேணும்? ஆதிமனுஷன் இங்க வந்து வந்து தங்கினதுக்கு இந்தக் கல்லு ஒரு பெரிய காரணம்.

குகையும் அப்படித்தான் உருவாச்சு. ஆந்திராவுல பொர்ரா குகை, மெக்சிகோவுல டாஸ்கோ ஊர்ப் பக்கம் ககாவாமில்பா குகைகள், இதெல்லாம் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணி கரைச்சு உண்டானது. டார்ச் எடுத்துக்கிட்டு ஆழமா உள்ள போகலாம். குடியம் அப்படி இல்ல. இளக்கமான அடுக்கு உதிர்ந்து, கெட்டியான பாறை மேல குடை மாதிரி நிக்குது. உள்ள இருட்டே கிடையாது. ஒரு பெரிய பஸ் நிழற்குடைன்னு வச்சுக்கங்க, ஆனா அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும் உயரம். அந்தக் கூரை முழுக்க கூழாங்கல்லு பதிச்சிருக்கு. கீழ கிராமத்துக்காரங்க கும்பிடுற அம்மன்.

1962லிருந்து 64 வரைக்கும் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இங்க அகழாய்வு பண்ணினார். பழைய கற்காலக் கருவியிலிருந்து நுண்கற்கருவி வரைக்கும் வரிசையா கிடைச்சது. ஆனா எண்ணிக்கை கம்மி. அதனால இது நிரந்தர வீடு இல்ல, வந்து போற இடமா இருந்திருக்கலாம். அத்திரம்பாக்கம் மாதிரித் திறந்தவெளியிலதான் அவங்க அதிக நேரம் இருந்திருக்காங்க. "குகை மனிதன்"னு பாடப்புத்தகத்துல படிச்சதை இந்தக் குகையே கொஞ்சம் மறுக்குது, பாருங்க.

பாறையில காதல் பேர் எழுதி வச்சிருக்காங்க, அம்பு விட்ட இதயம் சகிதமா. அதை விட எனக்குக் கவலையா இருக்கிறது பையில போட்டுக்கிட்டு வர்றவங்க. கூட வந்த ஒருத்தர் அழகா ஒரு கல்லை எடுத்து "ஷோகேஸ்ல வைக்கிறேன்"னார். அண்ணன் கையை நீட்டி வாங்கிக்கிட்டார். "எடுத்த எடம் எதுன்னு காட்டு சார்"னு கேட்டு, அதே குழியில வச்சுட்டு வந்தார். அது கருவியோ சாதாக் கல்லோ, அவர் செஞ்சதுதான் சரி. எந்த மண்ணுல, எந்த ஆழத்துல, எது பக்கத்துல கிடந்துச்சுங்கிறதுதான் அதோட முகவரி. இடம் மாறிட்டா அப்புறம் எந்த லேப்பாலயும் அதைப் பேச வைக்க முடியாது. ஊதுபத்தி கணக்கு சொன்னேனே, புதைஞ்சு கிடந்த கல்லுக்குத்தான் அது செல்லும்.

மதியம் மூணு மணிக்குள்ள கீழ இறங்கிடுங்க. பூண்டியில மீன் வறுவல் கிடைக்கும், ஏரி மீன். எங்க எண்ணூர்ப் பொண்ணு மட்டும் ஒரு துண்டு எடுத்து, ரொம்ப நேரம் மென்னு, "இதுல வாடையே இல்லண்ணா"ன்னா.

காட்டுப் பாதை மூடியிருந்தா, ஃபூட் சேகரிச்ச கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை விடுமுறை.